சர்க்கரை கார்டுக்கு அரிசி கிடையாது

எங்கள் ரேஷன் கார்டு சர்க்கரை கார்டு. அதற்குப் பருப்பு உண்டு, பாமாயில் உண்டு, கோதுமை வந்தால் கோதுமை உண்டு. அரிசி கிடையாது. அரிசிக்குப் பதிலாகக் கூடுதலாக மூன்று கிலோ சர்க்கரை. இதை யாரும் எங்கள் தலையில் கட்டவில்லை. நானே வரிசையில் நின்று கேட்டு வாங்கியது.

அப்போது டீ விற்றுக்கொண்டிருந்தேன். திருவொற்றியூரில் கடலோரச் சாலை. ஒரு பக்கம் பாறாங்கல், கல்லுக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள். எண்ணூர் வரைக்கும் வால் நிற்கும். ஒரு வண்டி கேட்டைத் தொட ஒரு நாள் ஆகும். சில சமயம் இரண்டு நாள். டிரைவர் இறங்கிக் கடைக்குப் போக முடியாது. முன்னால் இருக்கிற வண்டி நகர்ந்தால் இவனும் நகர வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் இருப்பவன் திட்டுவான். அதனால் டீதான் அவனிடம் போக வேண்டும். சைக்கிள் கேரியரில் கேனைக் கட்டிக்கொண்டு நான் போவேன்.

லாரிக்காரர்களுக்கு டீ இனிக்க வேண்டும். பால் கம்மியாக இருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சர்க்கரை கம்மியாக இருந்தால் கிளாஸைத் திருப்பிக் கொடுப்பார்கள்.

"இன்னா நைனா, கடல் தண்ணில போட்டியா?" என்பார்கள்.

கார்டை மாற்றிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. அரிசி வேண்டாதவர்கள் சர்க்கரைக்கு மாறலாம். ரேஷன் அரிசியில் வாடை அடிக்கிறது என்று வீட்டில் நாங்கள் பாதிதான் சாப்பிட்டோம். டீக்கு மாதா மாதம் சர்க்கரை வாங்குகிறோம். நான் கணக்காகத்தான் யோசித்ததாக நினைத்தேன். என் மனைவி காசிமேட்டில் இறால் உரிக்கிற வேலை செய்கிறாள். அன்று ஐஸ் தண்ணீரில் விறைத்த கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"யோவ், சக்கரைய துன்னுகினு உயிர் வாழ முடியுமா?"

"டீ ஓடினா சோறு தானா வரும்" என்றேன்.

மாற்றிக்கொண்டேன். கவுன்டரில் இருந்தவர் கூட ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "அரிசி வேணாமா? நல்லா யோசிச்சுக்கோ" என்றார். யோசித்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட்டேன்.

நாலு வருஷம் சரியாகப் போயிற்று. அப்புறம் லாரிகள் சாலையில் நிற்கக் கூடாது என்று ஆயிற்று. அவற்றுக்கென்று தள்ளி ஒரு யார்டு கட்டினார்கள். சுற்றிலும் தகரவேலி, உள்ளேயே கேன்டீன். கேட்டில் வாட்ச்மேன் அடையாள அட்டை இல்லாதவனை விட மாட்டான். நான் கேனோடு வேலிக்கு வெளியே நாலு நாள் நின்றேன். வேலி இடுக்கு வழியாக ஒருவன் பழகிய தோஷத்துக்கு ஒரு டீ வாங்கினான். ஐந்தாம் நாள் திரும்பி வந்துவிட்டேன்.

இப்போது பாறாங்கல் மேல் உட்கார்ந்து வலை பின்னுகிறவர்களுக்குக் கொஞ்சம் டீ கொடுக்கிறேன். ஒரு சின்ன பிளாஸ்க் போதும். மீதி நேரம் யாராவது மூட்டை தூக்கக் கூப்பிட்டால் போவேன். முட்டி வலி. தினமும் கூப்பிட மாட்டார்கள். டீ போய்விட்டது. சர்க்கரை மட்டும் மாதா மாதம் தவறாமல் வந்தது.

ரேஷன் கடையில் கரும்பலகையில் எழுதியிருப்பார்கள். அரிசி உண்டு. சர்க்கரை உண்டு. பருப்பு நாளை. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அரிசி உண்டு என்பதை மட்டும் கூட்டாமலே படித்துவிடுவேன். வரிசையில் நின்றால் பெண்கள் சிரிப்பார்கள்.

"தள்ளுங்கடி, சக்கரை மில்லு ஓனரு வந்துட்டாரு."

"மொதலாளி, இன்னா வூட்ல தெனமும் கேசரியா?"

நானும் சிரிப்பேன். வேறு என்ன செய்வது.

எங்கள் சந்தில் எதிர் வீட்டில் ஒரு அம்மா தேங்காய் பர்பி போட்டுப் பெட்டிக்கடைகளுக்குக் கொடுக்கிறாள். வயதில் என்னைவிடச் சின்னவள். சந்தே அவளைப் பர்பிக்காரம்மா என்றுதான் கூப்பிடும். அவள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். அவர்கள் கடையில் பொன்னி அரிசி வாங்கித்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் அவளுடையது அரிசி கார்டு. அவளுக்குச் சர்க்கரை வேண்டும். எனக்கு அரிசி வேண்டும். இரண்டு கார்டையும் மாற்றிக் கொடுத்திருந்தால் கவர்ன்மென்டுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.

ஒரு தடவை கேட்டே விட்டேன். "நீ சக்கரைக்கு மாறிக்கோயேன்மா."

"ஐயோ, மாட்டேம்பா. பொங்கலுக்கு இன்னா குடுத்தாலும் அரிசி கார்டுக்குத்தான் குடுக்கறான். வெள்ளம் வந்தா அரிசி கார்டுக்குத்தான் குடுக்கறான். நீ ஏமாந்துட்ட, நானும் ஏமாறணுமா?"

உண்மைதான். பொங்கலுக்கு எல்லாரும் கரும்போடு போகும்போது நாங்கள் கதவைச் சாத்திக்கொள்வோம்.

அதனால் மாற்றிக்கொண்டோம், கார்டை அல்ல, பொருளை. ரேஷன் கடையை ஒட்டி ஒரு டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. அதன் பின்னால் ஒரு மதில். அந்த இடத்தில் எங்கள் பக்கத்துப் பெண்கள் மாதா மாதம் மாற்றிக்கொள்வார்கள். பாமாயிலைக் கொடுத்துப் பருப்பு வாங்குவார்கள். கோதுமையைக் கொடுத்து அரிசி வாங்குவார்கள். காசு கை மாறாது. ஆனாலும் செய்யக் கூடாது. ஒருவர் கார்டுப் பொருள் இன்னொருவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்று கடையிலேயே போர்டு இருக்கிறது. நான் சர்க்கரையைக் கொடுப்பேன். பர்பிக்காரம்மா அரிசிப் பையை என் சைக்கிள் கேரியரில் வைப்பாள், முன்பு டீ கேன் இருந்த இடத்தில்.

அதோடு போகவில்லை. தேங்காய் மூட்டை வந்தால் "அண்ணே, கொஞ்சம் எறக்கு" என்பாள். விறகு பிளக்க வேண்டும் என்பாள். பர்பி டிரேயைத் தண்டையார்ப்பேட்டைக் கடையில் போட்டுவிட்டு வா என்பாள். அதிகாரமாகச் சொல்ல மாட்டாள், சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஆனால் எனக்கு முட்டி வலிக்கிறது என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. சொன்னால் அரிசி நின்றுவிடுமோ என்ற பயம். நின்றிருக்காது. ஆனாலும் பயம்.

போன வருஷம் சர்க்கரையிலிருந்து அரிசிக்கு மாற மனு வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். போய்க் கொடுத்தேன். வீட்டுக்கு விசாரணைக்கு வருவார்கள், பார்த்துவிட்டு எழுதுவார்கள் என்றார்கள். எப்போது என்று கேட்டேன். வருவார்கள் என்றார்கள்.

வந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி. ஹெல்மெட்டைக் கழற்றாமலே சந்துக்குள் நுழைந்தார். கையில் ஃபைல். சின்ன வயசுதான். மரியாதையாகப் பேசினார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். எங்கள் வீடு ஒரே அறை. வாசலில் நின்றாலே எல்லாம் தெரிந்துவிடும். அடுப்பு, கட்டில், சைக்கிள், நீல டிரம். அதில்தான் அரிசி.

காசிமேட்டில் அன்று இறால் வரத்து இல்லை. அதனால் என் மனைவி வீட்டில் இருந்தாள். தரையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். இப்போது ரேஷன் அரிசியில் நடுநடுவே வேறு மாதிரி அரிசி கலந்து வருகிறது. கொஞ்சம் மஞ்சளாக, வழுவழுவென்று. தண்ணீரில் போட்டால் சிலது மிதக்கும். எங்கள் சந்தில் அதை பிளாஸ்டிக் அரிசி என்பார்கள். எல்லா வீட்டிலும் பெண்கள் அதைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் உலை வைப்பார்கள். இவளும் பொறுக்கி ஒரு பேப்பரில் தனியாகக் குவித்து வைத்திருந்தாள். ஒரு கைப்பிடி இருக்கும்.

வந்தவர் கார்டைப் பார்த்தார். ஆதாரைப் பார்த்தார். என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வைத்து போட்டோ எடுத்தார். எத்தனை பேர், என்ன வேலை என்று கேட்டார். எல்லாம் எழுதினார். "சரி, பண்ணிடலாம்" என்று கூடச் சொன்னார். நான் மூச்சு விட்டேன்.

அப்புறம் கீழே பார்த்தார்.

"என்னம்மா பொறுக்கறீங்க?"

"பிளாஸ்டிக் அரிசி சார். பாருங்க, எப்படி கலக்கறானுங்க."

அவர் குனிந்து பேப்பரிலிருந்து இரண்டை எடுத்தார். சிரித்தார். "இது பிளாஸ்டிக் இல்லம்மா. இரும்புச் சத்து சேர்த்த அரிசி. ரத்தம் ஊறறதுக்குக் கவர்ன்மென்ட்டே கலந்து குடுக்குது. இதைப் போய் எறியறீங்களே. ரேஷன் அரிசியில மட்டும்தான்..."

அங்கேயே நிறுத்திவிட்டார்.

கார்டைத் திரும்பத் திறந்து பார்த்தார். டிரம்மைப் பார்த்தார். போய் மூடியைத் தூக்கினார். முந்தின வாரம்தான் வாங்கியது. பாதிக்கு மேல் இருந்தது.

"உங்க கார்டுக்கு அரிசி கிடையாதே."

"கடையில வாங்குனது சார்" என்றாள் மனைவி.

"இந்த அரிசி எந்தக் கடையிலம்மா விக்கறான்? சொல்லுங்க. நேரா போய் அவனைப் புடிக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள்.

எதிர் வீட்டில் பர்பி கிண்டும் சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. இரும்புச் சட்டியில் கரண்டி உரசுகிற சத்தம். பாகு பதம் வரும்போது கையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடிப்பிடிக்கும். அந்தச் சத்தம் நின்றது.

"அண்ணே, உங்க நல்லதுக்குச் சொல்றேன்" என்றார் அவர். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "யார் குடுத்தாங்கன்னு சொல்லிடுங்க. அவங்க கார்டுல எழுதிக்கறேன். உங்க மேல ஒண்ணும் வராது. உங்க மனு தேறிடும்."

எங்கள் வாசலுக்கும் பர்பிக்காரம்மா வாசலுக்கும் நடுவில் நாலடி. அடிப்பிடித்த தேங்காய் வாசனை வந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள் என்று தெரிந்தது. ஒரு சட்டி பர்பி போயிற்று.

சொல்லியிருக்கலாம். சொன்னால் மறு மாதம் என் கார்டில் அரிசி. அவள் கார்டு முடங்கும். அதற்கப்புறம் நான் அந்தச் சந்தில் எப்படி நடப்பேன்? வேறு சந்து எனக்கு ஏது?

"தெரியாது சார்" என்றேன்.

"உங்க வீட்டு டிரம்முல கீற அரிசி எங்கேர்ந்து வந்ததுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

இவ்வளவு நேரம் ஆபீஸ் தமிழ் பேசியவர், 'கீற' என்ற அந்த ஒரு வார்த்தையில் எங்கள் ஊர்க்காரர் என்று தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டிக்கொண்டு நின்றார். "பாருங்க. ரேஷன் அரிசின்னு எழுதினா கேஸ் ஆயிடும். நான் அதை எழுதல. ஆனா இருக்கற அரிசிய இல்லன்னு எழுத முடியாது."

எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். வீட்டில் போதிய அரிசி இருப்பு உள்ளது. வெளிச்சந்தையில் வாங்கும் வசதி உள்ளது. வசதி என்ற வார்த்தையைப் படிக்க எனக்கு நேரம் ஆயிற்று. அவர் காத்திருந்தார். போட்டேன்.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே மனைவியிடம், "அதைப் பொறுக்காதீங்கம்மா, சத்து" என்றார்.

இருபது நாளில் போனுக்கு மெசேஜ் வந்தது. நிராகரிக்கப்பட்டது.

அவர் விசாரணைக்கு வந்துபோன அன்று சாயங்காலமே பர்பிக்காரம்மா ஒரு தட்டில் உடைந்த பர்பியைக் கொண்டுவந்து வைத்தாள். நல்ல பர்பி. வேறு சட்டியில் போட்டது.

"நீ வாய தொறக்கலியே அண்ணே. நான் கதவாண்ட நின்னுகினு சாமிய கும்புட்டேன்" என்றாள். அப்புறம் தரையைப் பார்த்தாள். "அடுத்த மாசத்துலேர்ந்து வேணாண்ணே. பயமா கீது."

நான் சரி என்றேன். மனைவி பர்பித் தட்டை நகர்த்தி வைத்தாள்.

அடுத்த மாதம் நாலு கிலோ சர்க்கரையோடு வீட்டுக்கு வந்தேன். சைக்கிள் கேரியர் காலி. டிரம்மில் அடியில் கொஞ்சம். கடை அரிசி ஒரு வாரத்துக்கு ஓடியது. அப்புறம் கோதுமையை மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினோம். சர்க்கரை டப்பாவில் எறும்பு வந்தது. பத்து நாள் கழித்துப் பர்பிக்காரம்மா வாசலில் வந்து நின்றாள்.

"சக்கரை கீதாண்ணே? கடைக்காரன் பர்பி கேட்டுகினே கீறான். வெளிய சக்கரை வாங்கிப் போட்டா எனக்கு கையில ஒண்ணும் நிக்காது."

அவளும் என்னைப் போலத்தான் மாட்டிக்கொண்டிருந்தாள்.

என் மனைவிதான் கேட்டாள். "நீ பயந்தா நாங்க இன்னாத்த துன்றது?"

பர்பிக்காரம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள். "மாவா அரைச்சுக் குடுத்துட்டா? மாவுல இன்னா ரேஷனு, இன்னா பொன்னின்னு எந்த ஆபீசரு வந்து கண்டுபுடிப்பான்? எங்கிட்ட கிரைண்டர் கீது."

அதிலிருந்து எங்களுக்கு அரிசி மாவாக வருகிறது. இரண்டு நாளுக்கு ஒரு தூக்கு. எங்களிடம் ஃப்ரிட்ஜ் இல்லை. முதல் நாள் இட்லி. இரண்டாம் நாள் தோசை. மதியமும் தோசை. மீன் குழம்பு வைத்தாலும் தோசைதான். சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டு மாதக்கணக்கில் ஆகிறது. மாவு வாங்கிக்கொள்வதால் கிரைண்டர் கழுவுகிற வேலையும் எனக்கு வந்துவிட்டது.

இப்போது மறுபடியும் மனு வாங்குகிறார்கள். போனேன். கவுன்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தாள்.

"போன தடவை வீட்டுல அரிசி இருக்குன்னு எழுதியிருக்கே."

"இப்ப இல்லம்மா."

"விசாரணைக்கு வர்றப்பவும் இருக்கக் கூடாது. இருந்தா மறுபடியும் இதேதான்."

"எப்போம்மா வருவாங்க?"

"வருவாங்க."

மனு கொடுத்து இன்றோடு முப்பத்தாறு நாள். மனைவி டிரம்மைக் கழுவிக் கவிழ்த்துக் காய வைத்தாள். பிறகு நிமிர்த்தி, வாசலில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள். மூடியைத் தனியாகச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறோம். வருகிறவர் தூக்கிப் பார்க்கிற சிரமம் வேண்டாம். மாவுத் தூக்கைக்கூட வீட்டில் வைக்கப் பயம். எதிர் வீட்டு அடுப்படியில் போய்த் தோசை சுட்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருகிறோம். வீட்டில் ஒரு அரிசி இல்லை. கட்டிலுக்கு அடியில்கூட டார்ச் அடித்துப் பார்த்தாள்.

சந்துக்குள் வண்டிச் சத்தம் கேட்டால் இரண்டு பேரும் எழுந்துவிடுவோம். கேஸ் சிலிண்டர்காரன் வருவான். கொரியர்காரன் வருவான். அவர் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மாத்தூரிலிருந்து மனைவியின் தங்கை வந்தாள். ஆட்டோவிலிருந்து ஒரு மூட்டையை இறக்கினாள். நல்ல பொன்னி அரிசி. அவள் வீட்டுக்காரர் வேலை செய்கிற இடத்தில் கொடுத்ததாம். அக்கா கஷ்டப்படுகிறாள் என்று பாதி வழி தோளிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். வியர்த்துப் போயிருந்தாள்.

மனைவி ஓடிப் போய் வாசலிலேயே மறித்தாள்.

"உள்ள கொண்டாராத. அங்கியே வை."

"இன்னாக்கா, அரிசிக்கா. பாம்பா கொண்ணாந்தேன்?"

"வேணான்டி. இப்ப வேணாம். எட்த்துனு போ."

"சக்கரை கார்டுகாரிக்கு எங்க அரிசி ஆவாதா? பெரிய எடமாயிட்ட."

மனைவி விளக்கிச் சொல்லத்தான் பார்த்தாள். தங்கைக்கு ஏறவில்லை. கேட்கும்போதே அவள் கண் கலங்கிவிட்டது. உள்ளே வராமலே, ஒரு வாய் தண்ணீர் குடிக்காமலே மூட்டையைத் திரும்ப ஆட்டோவில் போட்டாள். போய்விட்டாள். அப்புறம் போன் எடுக்கவில்லை.

ஆட்டோ போன பிறகு மனைவி வாசலில் குனிந்தாள். மூட்டையின் தையலிலிருந்து நாலைந்து அரிசி படியில் சிந்தியிருந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். உள்ளே கொண்டுவரவில்லை. கையை நீட்டிச் சந்தில் போட்டாள். கோழி வந்து தின்றது.

அப்புறம் உள்ளே வந்து டிரம்முக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.